இஸ்திரி மேசையிலிருந்து முந்நூற்று இருபது கிலோமீட்டர்

அந்தச் சலவையகத்தில் அவளைக் கத்தி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குணத்தை வைத்து வந்த பெயர் இல்லை. சட்டைக் கையில் அவள் போடும் மடிப்பை வைத்து வந்தது. குணமும் அதற்கு ஒத்துப்போனது தற்செயல்தான் என்று துணி ஏற்றிப் போகும் வேன்காரர் சொல்வார், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

வயது ஐம்பத்து மூன்று. பத்தொன்பது வருடமாக அதே மேசை. ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரி அங்கிகளும் காலையில் குவியலாக வந்து இறங்கும், மாலைக்குள் அடுக்கடுக்காகத் திரும்பிப் போகும். நீராவிப் பெட்டி உஸ்ஸென்று மூச்சு விட்டதும் சன்னல், சுவர், எதிர் மேசைக்காரியின் முகம் எல்லாம் கரைந்துவிடும். வெள்ளை விரிப்பு மட்டும் முன்னால் நீண்டு கிடக்கும். அந்த வெண்மைக்குள் அவள் பாட்டுக்கு எங்கேயாவது போய்விட்டு வருவாள். வேலை கைக்குத் தெரியும். மனசு கூடவே நிற்க வேண்டும் என்று எந்த முதலாளியும் சட்டம் போடவில்லை.

ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன்பு வேறு ஊரில் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் வேலைக்குக் கிளம்பினாள். கத்தி அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஊர்ல இருக்கறவங்கள குதிக்க வைக்கிறதும் குனிய வைக்கிறதும் ஒரு வேலையா?"

"நீ நிமிந்து நின்னு எத்தன வருஷம் ஆச்சும்மா?" என்று மகள் திருப்பிக் கேட்டாள்.

பேச்சு வளர்ந்தது. "போனா போனதுதான். உன் வாசல்ல வந்து நிப்பேன்னு கனவுகூட காணாத" என்று அம்மா முடித்தாள். "நானும் வர மாட்டேன்" என்று மகள் முடித்தாள். தாயைப் போலப் பிள்ளை. வீம்பில் மட்டும் ஒரு இழை குறையவில்லை.

அதன் பிறகு பேச்சே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு கத்தி அக்காவுக்குத் தலைசுற்றல் வந்தது. ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். தினமும் நடக்க வேண்டும், மனசில் எதையும் போட்டுக் குமையக் கூடாது என்றார். மனசை என்ன, துணி போல உதறிப் போடவா முடியும்? யார் போய்ச் சொன்னார்களோ, பத்தாம் நாள் மகளிடமிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்று, நாடித் துடிப்பும் நடையும் எண்ணுவது. கூட ஒரு துண்டுச் சீட்டு: "கட்டிக்கோ. தினமும் நட. நீ நடக்குறது என் போன்ல தெரியும்."

வேன்காரர்தான் அதை அவளுடைய போனோடு இணைத்துக் கொடுத்தார். இடது கை சூடான துணியை நீவும் கை, பட்டை சுடும். அதனால் வலது கையில் கட்டிக்கொண்டாள். முதல் நாள் மாலை பதினேழாயிரத்து அறுநூறு அடி காட்டியது. சரியாக ஆறு மணிக்கு மகளிடமிருந்து ஒரு சொல் வந்தது: "நல்லது."

இரண்டு வருடத்தில் போனில் வந்த முதல் சொல். பேருந்து நிறுத்தம் வரை அதைப் பன்னிரண்டு தடவை படித்தாள். மறுநாள் "பரவால்லயே" வந்தது. மூன்றாம் நாள் "சபாஷ்."

இவ்வளவு நடக்கிறோமா என்று சந்தேகப்பட அவளுக்கு மனசே வரவில்லை. மூட்டைக்கும் மேசைக்கும் அலமாரிக்கும் பத்தொன்பது வருடமாக அல்லாடியதை இப்போதாவது ஒன்று எண்ணுகிறதே என்று இருந்தது.

"அவ ஊர் எவ்ளோ தூரம்?" என்று வேன்காரரிடம் கேட்டாள்.

"முந்நூத்தி இருவது கிலோமீட்டர் வருங்க்கா."

பட்டைக் கணக்கில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள், நின்ற இடத்திலிருந்தே. அன்றிலிருந்து தினமும் வேன்காரரிடம் ஒரு எண்ணைச் சொல்வாள்.

"நாப்பத்தெட்டுல என்ன இருக்கு?"

"செங்கல் சூளைக்கா. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் மரமா நிக்கும்."

அன்று முழுக்க விரிப்புகளில் மர நிழல் விழுந்தது. நூற்று இருபதில் ஆறு அகலமாக ஓடியது. இருநூறில் மழை பிடித்துக்கொண்டது; இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் போனாள், நனையவில்லை. இருபத்தேழாம் நாள் மகளின் வாசலுக்கே வந்துவிட்டாள். படியோரம் மகளின் செருப்பு கிடந்தது. உள்ளே யாரோ தண்ணீர் புழங்கும் சத்தம். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

அங்கியின் நடு முதுகில் பழுப்பாக ஒரு பெட்டித் தடம். பத்தொன்பது வருடத்தில் முதல் கருகல்.

அந்த வாரமே டாக்டரிடம் போனாள். அழுத்தம் இறங்கவே இல்லை. டாக்டர் அவள் போனை வாங்கிப் பார்த்தார்.

"தினம் ஆறு மணிக்கு நாடி எகிறுதே, என்ன பண்ணுவீங்க?"

"போன் பாப்பேங்க."

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். "கையால அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார். அவள் காற்றில் ஒரு விரிப்பைத் தேய்த்துக் காட்டினாள். நின்ற இடத்திலேயே பட்டையில் எண் முப்பது ஏறியது.

"நீங்க நடக்கலம்மா. தேய்ச்சிருக்கீங்க."

அவமானமாக இருந்தது. அதைவிட, இருபத்தேழு நாள் போன வழியெல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போனது தாங்க முடியவில்லை. அன்று மாலையும் செய்தி வந்தது: "பத்தொம்பதாயிரம்! இது எங்கம்மாவா?" வாயை மூடிக்கொண்டு இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வரியும் நின்றுபோகும்.

ஆனாலும் பொய்யான மடிப்பு அவளுக்கு ஆகாது. மறுநாள் மேசைக்கு வந்ததும் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். வேலை முடிந்து கட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மகளின் ஊர் இருக்கும் திசையில் நிஜமாகவே நடந்தாள். முழங்கால் திட்டியது. மூச்சு முட்டியது. ஆற்றுப்பாலம் வந்ததும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாயிரத்து இருநூறு அடி. கீழே தண்ணீர் சாயங்கால வெளிச்சத்தோடு போய்க்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குச் செய்தி வரவில்லை. போனே அடித்தது.

"அம்மா! என்னாச்சு? ரெண்டாயிரம்தான் காட்டுது. எங்கயாவது விழுந்துட்டியா?"

இரண்டு வருடம் கேட்காத குரல். "விழலடி. நடந்தேன்."

"அப்போ இத்தன நாளு?"

"இஸ்திரி போட்டேன்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "என் கணக்குப்படி போன வியாழக்கெழமையே உன் வாசலுக்கு வந்துட்டேன். கதவத் தட்டறதுக்குள்ள ஒரு அங்கி கருகிப்போச்சு."

மறுபுறம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இப்ப எங்க இருக்க?"

"பாலத்து மேல. நெசமா நடந்தது ஒண்ணர கிலோமீட்டர்தான்."

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது."

"நாலு எண்ணி இழு. ஆறு எண்ணி விடு. அவசரப்படாத."

இழுத்தாள், விட்டாள். மகள் சொன்னதை எதிர்ப்பேச்சு இல்லாமல் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பாலமும் தண்ணீரும் மெல்லத் தெளிந்தன.

"அம்மா, நாளைக்குக் காலைல அதே பாலத்துக்கு நடந்து வா. மீதி முந்நூத்திப் பதினெட்டரை நான் வர்றேன்."

கத்தி அக்காவின் வாயில் ஒரு குத்தல் பேச்சு வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, "சீக்கிரம் வந்துடு" என்றாள்.