குரல் திங்கட்கிழமை, வயலின் செவ்வாய்க்கிழமை

தவநாயகி லண்டனுக்கு வந்தது 1984 நவம்பரில். லூயிஷாமில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவரும் கணவர் செல்வரத்தினமும் குடியிருந்தார்கள், மேல்தளத்தில் நான். செல்வரத்தினத்துக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. தவநாயகிக்கு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பாட்டுக் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசித்தவர். இங்கே வந்தபின் இரண்டு வருடமும் மூன்று மாதமும் அந்த வயலின் அலுமாரிக்கு மேலே கிடந்தது.

சலவைக்கூடத்தில் கூட வேலை செய்த மோரீன் என்ற ஆங்கிலப் பெண்தான் ஒருநாள் அந்தச் செய்தியைச் சொன்னார். பக்கத்துத் தெருப் பப்பின் மேல்மாடியில் வியாழன்தோறும் பழைய ஆங்கில நாட்டுப்பாடல்கள் பாடுவார்களாம். வாத்தியம் வைத்திருக்கிற எவரும் போகலாமாம்.

"பப்பிலயோ? குடிக்கிற சனத்துக்கு முன்னாலயோ?" என்றார் செல்வரத்தினம்.

"கலியாண வீட்டில சாப்பிடுற சனத்துக்கு முன்னால வாசிச்சனான்தானே. அதுகள் மட்டும் கேட்டதுகளே?"

1987 பெப்ரவரி 5, வியாழக்கிழமை அவர் முதன்முதலாகப் போனார். அங்கே 'சால்ட் லேன்' என்ற நால்வர் குழு இருந்தது. ஒருவருக்குக் கிற்றார், இருவருக்குக் கையால் இழுத்து வாசிக்கும் துருத்திப் பெட்டிகள், பாடுவதற்கு லெஸ்லி என்ற தபால்காரர். தவநாயகி தரையில் சால்வையை விரித்துச் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டார். லெஸ்லி பாடப் பாடப் பின்தொடர்ந்து வாசித்தார். அதற்குப் பிறகு ஒரு வியாழனும் தவறவில்லை. செப்டம்பரில் அந்தக் குழு தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்ய முடிவெடுத்தபோது, எட்டாவது பாட்டுக்கு அவரைக் கேட்டது. கடலுக்குப் போன கப்பல் தச்சன் ஒருவனின் மனைவி பாடுவதாக அமைந்த பாட்டு. ஆறு கண்ணி, இருபத்துநான்கு வரி.

செய்தி கோயில்வரை போய்விட்டது. பாலாம்பிகை என்ற அம்மா பூசை முடியக் கேட்டார்: "தவம், உங்கட கச்சேரியில தீர்த்தமும் குடுக்கிறவையோ?"

"ஓம் அக்கா, கிளாசில குடுக்கிறவை. நான் தோடம்பழச் சாறுதான். தட்டு வரட்டும், அட்டையில என்ர பேரைக் காட்டுறன்."

ஒக்டோபர் 24 சனி முதல் 26 திங்கள் வரை, டெப்ட்ஃபோர்ட்டில் ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தை மூன்று நாளுக்கு எடுத்திருந்தார்கள். செல்வரத்தினத்துக்கு ஷிப்ட் என்பதால் நான் கூடப் போனேன். கீழே வரும் நேரங்கள் அன்று நான் குறித்து வைத்தவை.

சனிக்கிழமை பிற்பகல் 2.10. ஒலிப்பதிவாளர் நைஜல் தவநாயகியின் தலையில் ஹெட்போனை மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. முன்பே பதிந்த கிற்றார் மட்டும் அதில் ஒலித்தது. தவநாயகி வில்லைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பாட்டின் நீளம் ஐந்து நிமிடம் பன்னிரண்டு செக்கன். அவ்வளவு நேரமும் தூக்கிய வில் தூக்கியபடியே இருந்தது.

"ஏன் வாசிக்கவில்லை?" என்று நைஜல் கேட்டார்.

"லெஸ்லி பாடவில்லையே."

"லெஸ்லிக்குத் தடிமன், தொண்டை கட்டியிருக்கிறது. திங்கட்கிழமைதான் பாடுவார். குரல் எப்போதும் கடைசியில்தான் பதிவது."

"அப்படியென்றால் நான் செவ்வாய்க்கிழமை வாசிக்கிறேன்."

அறை திங்களோடு முடிகிறது. எல்லோரும் சிரித்தார்கள். தவநாயகி சிரிக்கவில்லை. பதினொரு வருடம் அவர் வாசித்த முறை அது. பாடுகிறவர் ஒரு வரி எடுத்தால் பக்கவாத்தியம் மயிரிழை பின்னால் நிழல்போல வரவேண்டும். முந்திக்கொள்வது மரியாதையில்லை. பாட்டே இல்லாத இடத்தில் எதைப் பின்தொடர்வது? கிற்றாரை மட்டும் கேட்டு ஒன்பது தடவை முயன்றார். ஒன்பதும் உயிரில்லாமல் மரக்கட்டைபோல இருந்தன. 4.35க்கு நைஜல் ஹெட்போனை வாங்கி வைத்தார். கிரீனிச்சில் வயலின் வாசிக்கிற பெண் ஒருவர் இருக்கிறார், ஞாயிறு நண்பகல் பன்னிரண்டுக்கு அவரை வரச்சொல்கிறேன் என்றார்.

பஸ்ஸில் தவநாயகி சொன்னார்: "அண்ணை, இது போச்செண்டால் வயலின் திரும்பவும் அலுமாரிக்கு மேலதான். பிறகு நான் எடுக்க மாட்டன். எனக்கு என்னைத் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லெஸ்லிக்கு ரெலிபோன் எடுத்தார். நாளைக்குப் பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள், ஒன்பதுக்கு வாருங்கள் என்றார். மறுநாள் ஞாயிறு, கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் நாள்.

"ஒரு மணித்தியாலம் கூடக் கிடைக்குது. பேசாமப் படுத்து நித்திரை கொள்ளும்," என்றார் செல்வரத்தினம்.

"கிடைச்சதை நித்திரையில துலைக்கவோ?"

காலை 8.52க்கு, புதிய நேரப்படி, நாங்கள் பாலத்தின் கீழ் நின்றோம். லெஸ்லி கழுத்தில் இரண்டு சுற்றுச் சால்வையோடு வந்தார். தவநாயகி பிளாஸ்கைத் திறந்து மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் மிளகும் அவித்த தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்த லெஸ்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதற்குள் என்ன இருக்கிறது?"

"கேட்காமல் குடியுங்கள். பிறகு பாடுங்கள்."

பூட்டிய கதவுக்கு முன்னால், சீமெந்துப் படியில் உட்கார்ந்து அவர் வயலினை எடுத்தார். லெஸ்லி மெல்லிய குரலில் இரண்டு கண்ணி பாடினார். ஒவ்வொரு வரியின் பின்னாலும் வயலின் வந்தது. மேலே ரயில் போனபோது இருவரும் நிறுத்திக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

"நான் உங்கள் வாயைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன்," என்றார் தவநாயகி. "நீங்கள் இன்றைக்கே பாடவேண்டும். எனக்கு முன்னால்."

"இந்தத் தொண்டையோடா?"

"புருசனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு நிற்கிறவளின் பாட்டு. கொஞ்சம் கரகரத்தால் பிழையில்லை."

லெஸ்லி அந்தத் தண்ணீரை இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார்.

பத்து மணிக்கு நைஜல் வந்து விஷயத்தைக் கேட்டு முகம் சுளித்தார். குரலைப் பின்தொடர்ந்து வயலினைப் பதிந்துவிட்டால் பிறகு குரலைத் திருத்த முடியாது என்றார். லெஸ்லி விட்டுக்கொடுக்கவில்லை. 10.25க்குத் தொடங்கி மூன்றாம் தடவையில், 10.58க்கு, குரல் முடிந்தது. 11.05க்குத் தவநாயகி சால்வையை விரித்து உட்கார்ந்தார். ஹெட்போனில் லெஸ்லி பாட, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ஒரே தடவை. நடுவில் எங்கும் நிற்கவில்லை.

"ஒவ்வொரு வரியிலும் பிந்துகிறார்," என்றார் நைஜல்.

"பிந்தவில்லை. என்னைச் சொல்லி முடிக்க விடுகிறார்," என்றார் லெஸ்லி. "திரும்பப் போடுங்கள்."

நைஜல் திரும்பப் போட்டார். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு தடவை போட்டார். சரியாகப் பன்னிரண்டுக்குக் கிரீனிச் பெண் வயலின் பெட்டியோடு வந்தார். நின்றபடி முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "இதற்கு என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள்?" என்றார். அவரை வெறுங்கையோடு அனுப்பாமல் பத்தாவது பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

இசைத்தட்டு 1988 மே மாதம் வந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு, வயலின்: தவநாயகி. தவநாயகி அதை ஒரு துணிப்பையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார். பாலாம்பிகை அம்மா கண்ணாடியைப் போட்டு அட்டையை வாசித்துவிட்டு, "எழுத்துச் சின்னனாக் கிடக்கு," என்றார். "தட்டுச் சுழண்டால் பெரிசாக் கேக்கும் அக்கா," என்றார் தவநாயகி.

வயலின் பிறகு அலுமாரிக்கு மேலே போகவில்லை. 1996இல் சலவைக்கூட வேலையை விடும்வரை காலை ஷிப்டும் வியாழக்கிழமைப் பாட்டுமாகவே அவர் வாழ்க்கை நடந்தது. 'சால்ட் லேன்' தன் இரண்டாவது தட்டை 1991 மார்ச்சில் பதிவு செய்தது. அதே இடம், அதே நைஜல். அறையை 16ஆம் தேதி சனிக்கிழமையிலிருந்து இம்முறை நான்கு நாளுக்கு எடுத்திருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த வேலைத் திட்டத்தை நான் பிரதி செய்து வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு வரிகள் நைஜலின் கையெழுத்தில்: திங்கட்கிழமை, லெஸ்லி. செவ்வாய்க்கிழமை, தவநாயகி.