வெடிக்காத தோட்டா

டொராண்டோவின் வடக்கு ஓரத்தில் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் திடல். மதுரையிலிருந்து வந்த நான், சுகந்தி வீட்டு விருந்தாளி. நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் குடியிருந்து பஸ் ஓட்டுகிற சுகந்தி, இந்த இலையுதிர் காலத்தில் முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகப்போகிறார். காதை மூடிக்கொண்டு பின்னால் நிற்கிறேன்.

சுகந்தி விசையை இழுக்கிறார். டிக் என்ற சத்தம் மட்டுமே வருகிறது. தோட்டா வெடிக்கவில்லை. அவர் அசையவில்லை. துப்பாக்கிக் குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கிறது.

அவரோடு வேட்டைக்கு வரவிருக்கும் ரவி அண்ணைக்குப் பொறுமையில்லை. “திறந்து அடுத்ததைப் போடும் பிள்ளை. மான் உமக்காக நிக்குமே?”

“நிக்காட்டிப் போகட்டும் அண்ணை. சிலது பிந்தியும் வெடிக்கும். இப்ப திறந்தா என்ர முகத்திலைதான் வெடிக்கும்.”

“இவ்வளவு பயமெண்டா வேட்டைக்கு ஏன் வாறீர்?” என்றபடி அவர் துப்பாக்கியை வாங்கக் கை நீட்டுகிறார்.

“கையை எடுங்கோ. இது என்ர துவக்கு.”

பக்கத்து மேசையில் யாரோ சிரிக்கிறார்கள். சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே பிடித்திருந்துவிட்டு, நிதானமாகத் திறந்து, வெடிக்காத தோட்டாவைத் தனியே வைக்கிறார். புதிதாக ஏற்றிச் சுடுகிறார். தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி, முதல் வெடியோசை அடங்குமுன் மறுபடியும் சுடுகிறார். அட்டை மானின் நெஞ்சில் இரண்டு துளைகள், ஒன்றையொன்று ஒட்டி.

ரவி அண்ணை தொலைநோக்கியை இறக்குகிறார். “கெதியாத்தான் அடிக்கிறீர்.”

“கெதியா அடிக்கத் தெரியும் அண்ணை. எப்ப எண்டு நான்தான் சொல்லுவன்.”