படத்தில் கிடந்த முள்

பிரேமலதா புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கொரோனா வந்து பள்ளியை மூடியதும் சம்பளம் நின்றது. பீரோவில் கிடந்த அக்ரிலிக் வண்ணங்கள் காய்ந்து வீணாவதற்குள் தீர்த்துவிடலாம் என்று காலனி வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த ஊரை வரைந்தாள்.

பூட்டிய கடைகள், பஸ் வராத பஸ் ஸ்டாண்டு, நடுரோட்டில் காலை நீட்டிப் படுத்த நாய்கள். காலனி முனையில் ஊரார் வெட்டிப் போட்ட வேலிக்காத்தான் முள். காய்ச்சல் பெங்களூரிலிருந்து காரில் ஏறி நேராக ஊரார் குடியிருக்கும் நடுத்தெருவுக்குத்தான் வந்தது. முள் விழுந்ததோ காலனி வாசலில். கிருமி சாதி விசாரித்து ஒட்டுவதில்லை என்பது அன்றைக்குப் படித்தவர்களுக்கும் மறந்து போயிருந்தது.

ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கூலி வேலைக்கு ஓடிக்கொண்டே இருந்த அவள் அப்பா, நைனா முனிகிருஷ்ணன், முதல் முறையாக வீட்டில் இருந்தார். தன்னையும் படத்தில் போடச் சொல்லி நச்சரித்தார். நடுத்தெருவில் மாடு வைத்திருந்த செங்கம்மா, மாங்காய் பறிக்கும் தொரட்டியில் பால் தூக்கை மாட்டி முள்ளுக்கு மேலே நீட்டுவாள். நைனா எட்டி வாங்குவார்.

"தண்ணி கலந்துக்கினு வந்தியா?"

"கலந்தா இன்னா பண்ணுவ அண்ணா? முள்ளத் தாண்டி வந்து அடிப்பியா?"

படத்தின் நடுவில் இருந்தது அந்தக் காட்சிதான். போன வருஷம் நைனா இறந்துபோனார்.

இந்த வருஷம், அவள் படித்த ஊர்ப் பள்ளியில் புது ஹாலுக்கு அந்தப் படத்தைக் கேட்டார்கள். அந்தப் பள்ளிச் சுவரில் தன் படம் தொங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கமிட்டித் தலைவர் ஆதிநாராயணன் வந்து பார்த்தார்.

"சால பாகுந்திமா, ரொம்ப நல்லா கீது. அந்த முள்ள மட்டும் அழிச்சிடு. பழச எதுக்குக் கிளறிக்கினு?"

அவளும் தலையாட்டிவிட்டாள். அக்ரிலிக்கில் அழிப்பது சுலபம். ஒரு பூச்சு பூசினால் போதும், அரை மணியில் காய்ந்துவிடும். மண் நிறத்தைக் குழைத்து பிரஷ்ஷை எடுத்தபோது செங்கம்மா பாலோடு உள்ளே வந்தாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"முள்ள அழிக்கச் சொன்னாங்க அக்கா."

செங்கம்மா படத்தையே பார்த்தாள். "முள்ளு இல்லன்னா நான் எதுக்குடி தொரட்டியில நீட்டறேன்? உங்க நைனாவத் தொட்டா தீட்டுன்னு நீட்டறா மாதிரி இல்ல இருக்கும்? முள்ளு போட்டவன் நல்லவன் ஆயிடுவான், பால் ஊத்துனவ கெட்டவ ஆயிடுவேன்."

பிரேமலதா பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள். மறுநாள் ஆதிநாராயணனிடம் போனாள்.

"முள்ளோட மாட்டறதுன்னா மாட்டுங்க அண்ணா."

"அப்பிடின்னா வேணாம்மா. இயற்கைக் காட்சி எதனா வரைஞ்சு குடு."

அவள் வரைந்து கொடுக்கவில்லை.

படம் இப்போது அவள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. செங்கம்மா தினமும் பாலை அடுப்பங்கரையில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "இன்னிக்கும் கலக்கல அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.