கோரட்பர் சிறையின் ஒரே கைதி

எங்கள் ராஜா தும்மினால் பக்கத்து சமஸ்தானத்துக்காரன் "நூறாயுசு" சொல்வான். குஜராத்தில் கத்தியவார் பக்கம் எங்கள் கோரட்பர் அவ்வளவு பெரிய ராஜ்யம். ஆனாலும் எங்கள் ராஜா தாக்கோர் சாகேபுக்குக் கொடி உண்டு, யானை வாங்கும் உத்தேசம் உண்டு, குற்றவாளியைச் சிறையில் போடும் அதிகாரமும் உண்டு. சிறையும் இருந்தது. கைதிதான் இல்லை.

வெள்ளைக்கார ஏஜென்ட் துரை வருஷா வருஷம் பார்வையிட வருவார். சிறை காலியாகக் கிடந்தால் "உமக்கு எதற்கு இந்த அதிகாரம்?" என்று பிடுங்கிக்கொள்வார். அதனால் அன்று காலை மட்டும் குயவன் தேவ்ஷியைச் சங்கிலி பூட்டி உள்ளே உட்கார வைப்பார்கள். கூலி ஒரு தலைப்பாகை, நெய் ஒழுகும் லாப்சி என்ற கோதுமை இனிப்பு வயிறு முட்ட. சக்கரம் சுற்றச் சோம்பல்படுகிற தேவ்ஷிக்கு இது சொர்க்கம். "சர்க்கார் உத்தியோகம்" என்று தெருவில் பெருமையடித்துக்கொள்வான். துரைகளும் எட்டிப் பார்த்துவிட்டு விருந்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் வந்தவர் புதுத் துரை. குஜராத்தி பேசுவார், கேள்வியும் கேட்பார்.

"இவன் என்ன தப்பு பண்ணினான்?"

ஆட்டுத் திருட்டு என்று சொல்லத் திவான் அம்ருத்லாலுக்கு வாய் வரவில்லை. ராஜ்யத்துக்கு அது கௌரவக் குறைச்சல். "கொலைங்க துரை. பொண்டாட்டியையே வெட்டிட்டான்" என்றார்.

"கொலைக் கேசை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே கிடையாதே! நாங்க கொண்டுபோறோம். தூக்குதான்."

தேவ்ஷி சங்கிலியோடு துள்ளி எழுந்தான். "மகராஜ், நீங்களாவது சொல்லுங்க மகராஜ்!" என்று அலறினான். உண்மையைச் சொன்னால் அதிகாரம் போகும். சொல்லாவிட்டால் குயவன் போவான். தாக்கோர் சாகேப் அதிகம் யோசிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சிப்பாய்கள் தேவ்ஷியை வண்டியில் ஏற்றினார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

வண்டி குயவர் தெருவுக்குள் திரும்பியதும் தேவ்ஷியின் மனைவி ஜீவி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கய்யா ஊர்வலம் கிளம்பிட்ட? சூளையில பானை வெந்துட்டிருக்கு. இறங்கு கீழே!"

முன்னால் குதிரையில் போன துரை திரும்பி வந்தார். "யாரம்மா நீ?"

"இந்த வெட்டிப்பயலுக்குக் கழுத்தை நீட்டினவ."

துரை, கூடவே வந்த திவானைப் பார்த்தார். "செத்தவ நல்லா சத்தம் போடுறாளே!"

தேவ்ஷியை அங்கேயே இறக்கிவிட்டார்கள். சிறையில் போடும் அதிகாரத்தை அன்று மாலையே துரை பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அரண்மனையில் தாக்கோர் சாகேப் குதித்தார். "எல்லாம் அந்தக் குயவனாலதான் வந்தது. பிடிச்சு உள்ளே போடுங்கய்யா அவனை!"

திவான் தலையைச் சொறிந்தார்.

"இனிமே முடியாதுங்க, மகராஜ்."