நிமிடத்துக்கு ஒரு கோடு

மாலை 5.00. வேலூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம் வாடகைக் காரில் வந்து, ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தோம். பௌர்ணமியன்று மலையைப் பார்த்தே தீரணும் என்று அப்பா பிடித்த பிடிவாதம். நுரையீரல் கெட்டவர், மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய். கரண்ட் போனது, ஆக்சிஜன் மெஷின் நின்றது. கையோடு கொண்டுவந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். மீட்டர் முள் நூறில் இருந்தது.

5.20. கரண்ட் வரவில்லை. முள் எண்பது. நிமிடத்துக்கு ஒரு கோடு இறங்குகிறது. அப்படியானால் இன்னும் எண்பது நிமிடம்தான் அப்பாவுக்கு. ஆஸ்பத்திரி ஊருக்குள், இரண்டு கிலோமீட்டர். சாலையை அடைத்துவிட்டார்கள், கார் நகராது. ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். என்ன ஊரடா இது! அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன். லாட்ஜ்காரர் சலீம் பாயும் கூட வந்தார்.

கிரிவலக் கூட்டம் மொத்தமும் எங்களுக்கு எதிரே வந்தது.

"எதிர்ல வராதீங்கம்மா, சுத்திப் போங்க!" என்றார் ஒருவர்.

"சுத்தினா பன்னெண்டு கிலோமீட்டர். நீங்க வந்து தள்றீங்களா?" என்று கத்தினேன்.

5.30. வந்தது இருநூறு மீட்டர்தான். பத்து நிமிடம் போய்விட்டது. இதே வேகம் என்றால் கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். மீதி ஒன்று புள்ளி எட்டுக்குத் தொண்ணூறு. முள்ளோ எழுபதில்.

"பாய், இருபது நிமிஷம் கம்மியா இருக்கு. போய்ச் சேரமாட்டோம்."

"சும்மா இரும்மா. நான் முன்னால ஓடறேன், பின்னாலயே வா" என்றவர், "ஆக்சிஜன் தீரப்போவுது, ஓரம் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினார். கூட்டம் விலகியது. சுற்றிப் போகச் சொன்னவரே திரும்பி ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துத் தள்ளினார்.

5.34. அடுத்த இருநூறு மீட்டர் நாலே நிமிடம். கிலோமீட்டருக்கு இருபது; மீதி ஒன்று புள்ளி ஆறுக்கு முப்பத்திரண்டு. முள் அறுபத்தாறு. அப்பாடா என்று நினைத்த நேரத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாய்ந்தது. வேலூரில் அப்பாவைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஒரு லிட்டர்ல இருக்கறத ரெண்டாக்குங்க, உடனே."

திருகினேன். இனி நிமிடத்துக்கு இரண்டு கோடு. அறுபத்தாறு முப்பத்து மூன்று நிமிடத்துக்குத்தான் வரும். கையில் மிச்சம் ஒரே நிமிடம். யாரோ நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் தள்ளினேன்.

6.06. ஆஸ்பத்திரி வாசல். முள் இரண்டில். நர்ஸ் பெரிய சிலிண்டரை மாட்டிய பிறகுதான் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வேலூருக்குக் கிளம்பினோம். எங்கள் ஊரில் இரண்டு கிலோமீட்டர் என்றால் அஞ்சு நிமிஷம் என்று யோசிக்காமல் சொல்வேன். இனிமேல் சொல்ல வாய் வராது. கார் மலையைத் தாண்டும்போது அப்பா என் தோளைத் தொட்டார்.

"அன்னைக்கு வழி நெடுக நான் மலையதான் பாத்துனு வந்தேன். நீ மீட்டரையே பாத்துனு வந்த. இப்பவாவது பாரும்மா."

திரும்பினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, மலை தெரியவே இல்லை.