சேரு வீட்டில் கேட்ட கேசட்

ஆட்சி கவிழ்ந்த மறுவாரம், ஒரு மத்தியானம், ட்ராசாவில் எங்கள் தெருவுக்குள் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்களைத் தேடித் தடிகளோடு ஒரு கும்பல் நுழைந்தது. பக்கத்து வீட்டு சேருவும் அந்தக் கும்பலைப் போலவே ஃபிஜியின் பூர்வகுடிக்காரர். எங்களைக் கூட்டிப்போய்த் தன் படுக்கையறையில் ஒளித்துவைத்தார். பிறகு வெளியறையில் ஒரு கேசட்டைப் போட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டினார். கிதார், மவுத் ஆர்கன், கரகரத்த குரலில் ஒரு ஆங்கிலப் பாட்டு.

என் மனைவி கைக்குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தாள். "நம்மள அடிக்கும்போது நாம கத்தினா வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் பாட்டு வெக்கிறான்" என்று அவள் காதில் சொன்னேன். வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். சேரு அவர்களோடு சிரித்துப் பேசுவது கேட்டது. மூலையில் இருந்த கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. சேரு மட்டும்தான் நின்றார்.

"இன்னும் தெருவுலதான் நிக்கிறாங்க" என்று இந்தியில் சொன்னார். "குழந்தை வாயிலேர்ந்து கையை எடும்மா. அழட்டும். அதுக்குத்தான் பாட்டு."

என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

அது நாட்டுப்புற ராக் இசையின் மூத்த பாடகர் ஒருவரின் புகழ்பெற்ற ஆல்பம் என்று ஆக்லாந்தில் குடியேறிய பிறகுதான் தெரிந்தது. சேருவுக்கு வருஷா வருஷம் கடிதம் போடுகிறேன். அவரைச் சந்தேகப்பட்டேன் என்கிற ஒரு வரியை மட்டும் இன்னும் எழுத முடியவில்லை.