கப்போர்டுக்குள் பதிவான பாட்டு

எட்டு மாதம் கழித்து என் மகளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு திறந்தேன்.

"எங்க ஆல்பத்துல என் பாட்டு வருது. கடைசில உங்க குரல் இருக்கு. குரல் வர்ற எல்லார்கிட்டயும் சம்மதம் கேக்கணும்னு முடிவு பண்ணிருக்கோம். கேட்டுட்டு சொல்லுங்க. வேண்டாம்னா எடுத்துடறேன்."

கூடவே நாலு நிமிடப் பாட்டு.

நான் அந்த 'உங்க'விலேயே நின்றுவிட்டேன். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு நான் நீதான். நீ வாம்மா, நீ சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கோபம் வந்தாலும் நீதான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். முன்னிலையில் ஒருவரைப் பன்மையாகச் சொல்வது மரியாதை என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அது இப்படியும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆல்பம் என்ன என்பதை முன்பே அவள் அப்பா மூலமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை அவருக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் பேசிவிட்டு, சாயங்காலம் வந்து எனக்குப் பாதி சொல்வார்.

"ராப்புதான். ஆனா சினிமாவுல வர்ற மாதிரி இல்லையாம். பதினாறு ஊர்ப் பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு பாட்டு. வெளியில வாங்கின சத்தம் எதையும் சேக்கக் கூடாதாம். அவங்கவங்க வீட்டுல கிடைச்ச சத்தத்தை வெச்சே தாளம் போடணுமாம். ஒருத்தன் குக்கர் விசிலை வெச்சே முழுப் பாட்டும் போட்டிருக்கானாம்."

"இதை யாருங்க கேப்பா?"

"அதையேதான் நானும் கேட்டேன். நீயாவது கேளுப்பான்னா."

அந்தப் பாட்டு பதிவான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நன்றாக என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் படுக்கையறைச் சுவரோடு ஒரு பெரிய கப்போர்டு உண்டு. மேலே என் புடவைகள் தொங்கும். கீழே ஜமுக்காளமும் போர்வையும். இன்ஜினியரிங் முடித்து, கிடைத்த வேலைக்கும் போகாமல் வீட்டில் இருந்த அவள், கொஞ்ச நாளாக அதற்குள் உட்கார ஆரம்பித்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து முணுமுணுப்பாள். துணி நடுவில் பேசினால் எதிரொலி இல்லாமல் பதிவாகும் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், இருபத்து மூன்று வயதுப் பெண் இருட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறாள் என்பதுதான்.

காட்டூரில் இருக்கும் என் அக்காவிடம் அழுதேன். "ஒரு நடை குணசீலம் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றாள். மனசு சரியில்லாதவர்களைக் கொண்டுபோய்ப் பெருமாள் முன்னால் உட்கார வைக்கும் ஊர் அது. திருச்சியில் ஒருவரைப் பார்த்துக் குணசீலம் போ என்றால் வேறு அர்த்தம் கிடையாது.

ஒருநாள் பரீட்சை டியூட்டி முடிந்து மதியமே வந்துவிட்டேன். உள்ளே முணுமுணுப்பு. கதவைத் திறந்தேன். கத்தினேன். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவ்வளவுதான். அக்காவிடமும் அவரிடமும் அதைத்தான் சொன்னேன்: கத்தினேன், கை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் பையோடு வாசலில் நின்று அவள் கேட்டாள்.

"அடிச்சேன்னு ஒரே ஒரு தடவை சொல்லும்மா. சாரி எல்லாம் வேண்டாம். அடிச்சேன்னு சொல்லு, நான் போகல."

"அடிக்காததை எப்படிடி அடிச்சேன்னு சொல்றது?"

 அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே பெங்களூர் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

வாட்ஸ்அப் வந்த அன்று, பாட்டை வீட்டில் கேட்கத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இயர்போனை மாட்டினேன். தினம் பார்க்கிற கண்டக்டர் சிரித்தார்.

"என்னங்க டீச்சர், காதுல ஒயரெல்லாம்? காலேஜ்ல சேந்துட்டீங்களா?"

"பொண்ணு பாடினதுங்க" என்றேன். சொல்லும்போதே பெருமையாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் தாளம் மட்டும். டப், டப். ஒரு இடைவெளி. மறுபடி டப், டப். மத்தளம் போலவும் இல்லை, கைதட்டல் போலவும் இல்லை, ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி ஒரு சத்தம். அதன் மேல் அவள் குரல் வந்தது. எத்தனை நாள் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. "எங்க போற, எப்ப வர, யாரு கூட, ஏன் இப்ப வர" என்று நான் தினமும் கேட்ட கேள்விகளையே அடுக்கிக்கொண்டு போனாள். மோனை தவறவில்லை. என் வாயிலிருந்து வந்தவை பாட்டாகும் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா மண்டபம் தாண்டும்போது என் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. டப், டப்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. பாட்டு நின்று, பதிவு மட்டும் ஓடியது. கதவு கிறீச்சென்றது. புடவைகள் சரசரத்தன. என் குரல்.

"யாருகிட்டடி பேசிட்டிருக்க? உள்ள யாருடி இருக்கா?"

"அம்மா, ரெக்கார்டிங் ஓடுதும்மா, ஒரு நிமிஷம்..."

"உன்னைக் குணசீலத்துக்குத்தான்டி கூட்டிட்டுப் போகணும்!"

பிறகு அது. டப், டப்.

அதே சத்தம். இவ்வளவு நேரம் நான் கம்பியில் தட்டிக்கொண்டு வந்த சத்தம். ஏதோ கீழே விழுந்தது. பாட்டு முடிந்துவிட்டது.

பாலம் தாண்டியதும் சிந்தாமணியில் இறங்கிவிட்டேன். "டீச்சர், உங்க ஸ்டாப் வரலையே" என்று கண்டக்டர் கூப்பிட்டது கேட்டது. ஒரு பூக்கடை ஓரமாக நின்று என் வலது கையைப் பார்த்தேன். மோதிர விரலில் காலையில் ஒட்டிய மாவு காய்ந்திருந்தது. எட்டு மாதமாக நான் தெரிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவ்வளவு நம்பிக்கையோடு இல்லை இல்லை என்றிருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய், ஸ்டாஃப் ரூமில் முதல் பீரியட் மணி அடிக்கும் வரை எழுதி எழுதி அழித்தேன். உன் நல்லதுக்குத்தான் என்று ஒருமுறை. பயந்துபோயிட்டேன்டி என்று ஒருமுறை. உலகம் முழுக்க நான் கத்துவதைக் கேட்குமே என்ற நினைப்பும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுவாள். அதோடு அவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

கடைசியில் அனுப்பியது இதுதான்.

"இருக்கட்டும். அடிச்சேன். ரெண்டு தடவை."

இரண்டு நீல டிக் உடனே வந்தது. 'டைப்பிங்' என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எட்டிப் பார்த்து, "மிஸ், வரலையா மிஸ்?" என்றார்கள். வரேன் போங்க என்றேன். அப்போது பதில் வந்தது.

"மூணு. மூணாவதுல மைக் விழுந்துடுச்சு."

அந்தப் பதிலை எத்தனை தரம் படித்திருப்பேன் என்று தெரியவில்லை. நீ இருக்கிறதா, நீங்க இருக்கிறதா என்று தேடினேன். இரண்டும் இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை வேறு எதுவும் வரவில்லை. ஆல்பம் போன மாதம் வெளியாகிவிட்டதாக அவர்தான் சொன்னார்.

மூன்றாவது எனக்கு இன்னும் நினைவு வரவில்லை. புடவை எடுக்கக் கப்போர்டைத் திறக்கும்போதெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன்.